நாலாவது வரி

குடையை மடக்கிக் கதவோரம் சாய்த்துவிட்டு, செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, ஒரு பெரியவர் எங்கள் கம்பெனிக்குள் நுழைந்தார். மார்கழி மாதம், காலை பதினொன்றே கால். மோட்டார் பம்ப் விற்கிற கடைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு யாரும் வருவதில்லை. நான் அங்கே வேலை பார்த்த பத்தொன்பது வருஷத்தில் அவர்தான் முதல் ஆள்.

நேராக முதலாளியின் மேஜைக்குப் போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வாங்க சார். மோட்டார் ஏதாச்சும் தகராறு பண்ணுதா?" என்றார் முதலாளி.

பெரியவர் மேஜையின் குறுக்கே கையை நீட்டி முதலாளியின் வலது கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னத்தச் சொல்றது," என்றார். "சொல்றதுக்கு ஒண்ணும் இல்லை."

முதலாளி அந்தக் கையையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பெரிய ரிப்பேர் என்று நினைத்திருக்க வேண்டும். "கவலப்படாதீங்க. ஆள அனுப்பறேன், பாத்துக்கலாம்."

"யார் என்ன பண்ண முடியும்?" என்று பெரியவர் தலையை ஆட்டினார்.

அதற்குப் பிறகு கை மட்டும் பிடித்தபடி இருந்தது. என் மேஜைக்கு எதிரில்தான் சுவர்க்கடிகாரம். ஒன்பது நிமிஷம். பிறகு பெரியவர் எழுந்தார், செருப்பை மாட்டினார், குடையை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

"யாருய்யா இவரு?" என்றார் முதலாளி, கையைத் தடவிக்கொண்டே. "சொல்லிக்காமக்கூடப் போறாரு?"

எனக்கு அந்த ஒன்றே போதுமாக இருந்தது. ஒரு இடத்திலிருந்து கிளம்பும்போது 'போய்ட்டு வரேன்' என்று சொல்லாமல் எழுந்து போவது துக்கம் கேட்கப் போன வீட்டில் மட்டும்தான். அங்கே அப்படிச் சொன்னால், இதே காரியத்துக்கு மறுபடியும் வருவேன் என்று ஆகிவிடுமாம்.

அந்தப் பெரியவர் முதலாளியின் மனைவி இறந்ததற்குத் துக்கம் கேட்க வந்திருந்தார். முதலாளியின் மனைவியோ நாலு தெரு தள்ளி, தி. நகரிலேயே, சௌக்கியமாக இருந்தார். அவர் இறந்துவிட்டதாகக் கடிதம் எழுதியவன் நான்.

மூன்று வரி எல்லோருக்கும்

கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். உஸ்மான் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு தெருவில் இரண்டு ஷட்டர் கடை. முன்னால் மோட்டார்கள், பின்னால் மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் சுற்றுகிற இடம். மெக்கானிக்குகள் நாலு பேர், முதலாளி, நான்.

(கடையிலிருந்து பனகல் பார்க் வாசல் அறுநூற்று நாற்பது அடி என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். ஒரு வாசகர் தானே நடந்து பார்த்ததாகவும், ஐந்நூற்றைம்பதுக்கு மேல் வரவில்லை என்றும் எழுதியிருக்கிறார். அவர் உயரமானவராக இருக்க வேண்டும். நான் ஐந்தடி மூன்றங்குலம். என்னுடைய அடி சின்ன அடி.)

தொண்ணூறுகளில் ஊரில் எங்கே பார்த்தாலும் வீட்டை இடித்து ஃபிளாட் கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டினவர்கள் எல்லாம் தண்ணீருக்குப் போர் போட்டார்கள். எங்களுக்கு வாடிக்கை கூடியது. பொங்கலுக்கு முன்னால் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு நன்றிக் கடிதம் போக வேண்டும் என்று முதலாளிக்குத் தோன்றியது.

"எல்லாரும் காலண்டர் குடுக்கறான். அத மாட்டறதுக்கு வீட்ல ஆணி இல்ல," என்றார். "நாம கடுதாசி போடுவோம். கையால எழுதணும், சபாபதி. அச்சடிச்சது வந்தா பிரிக்காமயே தூக்கிப் போட்டுருவாங்க. பேரச் சொல்லிக் கூப்ட்ட மாதிரி இருக்கணும்."

என் கையெழுத்து நன்றாக இருக்கும். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. என்னிடம் நன்றாக இருக்கிற வேறு எதையும் நான் கண்டுபிடிக்கவில்லை.

கடிதம் நாலே வரி. முதல் வரியில் வணக்கம். இரண்டாவது வரியில், எங்களிடம் மோட்டார் வாங்கியதற்கும் எங்களை நம்பியதற்கும் நன்றி. மூன்றாவது வரியில், எந்த நேரம் கூப்பிட்டாலும் ஆள் வரும் என்கிற உறுதி. இந்த மூன்றும் எல்லோருக்கும் ஒன்றுதான். நாலாவது வரிதான் அந்தந்த வீட்டுக்கென்று எழுதுவது.

அந்த வரிக்காக நான் அட்டைகள் வைத்திருந்தேன். பழைய காலண்டர் அட்டையைக் கத்தரித்து, ஒரு வாடிக்கையாளருக்கு ஒன்று என்று, ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கியிருந்தேன். மெக்கானிக்குகள் சாயங்காலம் திரும்பி வந்ததும் சர்வீஸ் சீட்டை வாங்கிக்கொண்டு, போன வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டு எழுதிக்கொள்வேன். மற்ற மூன்று பேரும் நழுவிவிடுவார்கள். மாட்டிக்கொள்வது ஏழுமலை. நொச்சிக்குப்பத்துக்காரன், நாற்பது வயது, காயில் சுற்றுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

"இன்னா சார், நான் மோட்டாரு பாக்கப் போனேனா, அவுங்க வூட்டு ஜாதகம் பாக்கப் போனேனா?"

"சொல்லுப்பா."

"நந்தனம் டாக்டரம்மா வூட்ல நாயி குட்டி போட்டுக்கீது. அஞ்சு. எழுதிக்க."

"அஞ்சா? சரியா எண்ணினியா?"

"எண்ணிக்கினு நிக்க வுடுதா அது? மோட்டார் ரூம்லயே படுத்துக்கினு கடிக்க வருது சார்!"

'ஐந்து குட்டிகளும் நலமாக வளர்ந்து வரும் என நம்புகிறேன்' என்று டாக்டரம்மாவுக்கு நாலாவது வரி எழுதினேன். அவர் முதலாளிக்கு டெலிபோன் செய்து, குட்டிகள் ஆறு என்று திருத்திவிட்டு, ஒன்றை எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டாராம். முதலாளிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஏனென்றால் அவர் கடிதங்களைப் படிப்பதில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு இருபது இருபதாகக் கொண்டுபோய் வைப்பேன். மடமடவென்று கையெழுத்துப் போட்டுத் தள்ளுவார். "நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்," என்பார். நானே மடித்து, நானே கவரில் போட்டு, நானே ஒட்டுவேன்.

நான் சொல்கிற வருஷம் மொத்தம் முந்நூற்று எண்பத்தாறு வாடிக்கையாளர்கள். அத்தனை வீட்டிலும் முதலாளி தங்கமான மனிதர் என்று பெயர். இஞ்சி ஊறுகாய் வந்தது. திருப்பதி லட்டு வந்தது. கல்யாணப் பத்திரிகை வந்தது. எல்லாம் அவர் பெயருக்கு. ஊறுகாயில் பாதியை எனக்குக் கொடுத்துவிடுவார், அதில் குறை சொல்லக் கூடாது.

எனக்கும் குறை இல்லாமல்தான் இருந்தது. தினம் எழுதின நாலாவது வரிகளைச் சாயங்காலம் வீட்டில் என் மனைவி ருக்மணியிடம் சொல்வேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்பாள். "இது நல்லாருக்கு," "இது கொஞ்சம் வழியறீங்க," இரண்டில் ஒன்று சொல்வாள். முந்நூற்றுச் சொச்சம் வீட்டில் ஒருவருக்கும் என் பெயர் தெரியாது என்பது அவள் இருந்தவரை எனக்கு உறைத்ததே இல்லை.

அறுபத்தொரு பேர்

அந்த வருஷம் ஆவணியில் ருக்மணி போய்விட்டாள். மூன்று நாள் காய்ச்சல். நாலாம் நாள் இல்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வராது. இந்தத் தொடர் ஆரம்பித்ததிலிருந்து மூன்று முறை முயற்சி செய்து கிழித்துப் போட்டேன்.

பதினாறு நாளில் துக்கம் கேட்க வந்தவர்கள் அறுபத்தொரு பேர். பக்கத்துக் குடித்தனக்காரர்களைச் சேர்க்கவில்லை. முதலாளியும் முதலாளியம்மாவும் வந்தார்கள். ஏழுமலை வந்தான், வந்தவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னா சார் இது, இன்னா சார் இது," என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். எல்லோரும் முறைப்படி எழுந்து, முறைப்படி ஒன்றும் சொல்லாமல் போனார்கள்.

அறுபத்தொரு பேரில் ஒருவர்கூட மறுபடி வருவதாகச் சொல்லவில்லை. அதே மாதிரி ஒருவரும் வரவில்லை. அவர்கள் மேல் தப்பு இல்லை. சாவு வீட்டுக்கு எத்தனை தடவை போவார்கள்?

என் பெண் பிலாயில் இருந்தாள். பதினெட்டாம் நாள் ரயில் ஏறினாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் லஸ்ஸில் இருக்கிற எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்ப் பேசுவேன். சாப்பிட்டீங்களா என்று கேட்பாள். சாப்பிட்டேன் என்பேன். மழை பெய்கிறதா என்று கேட்பாள். அதற்கும் பதில் சொல்வேன். அதற்குள் பூத் மீட்டரில் காசு காட்டும் சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்து இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுவிடும்.

நாங்கள் குடியிருந்தது மயிலாப்பூரில், தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், நாலு குடித்தனம் இருக்கிற வீடு. மோட்டார் கிடையாது. மோட்டார் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு அடிபம்பில் தண்ணீர் அடித்தவன் நான். காலை ஐந்து மணிக்கு எங்கள் முறை. நான் அடிப்பேன். ருக்மணி குடத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணுவாள். ஒரு குடத்துக்கு நாற்பத்திரண்டு அடி. நாற்பத்திரண்டு வந்ததும் "போதும்" என்பாள். இருபத்தாறு வருஷமாக அந்த ஒன்றை மட்டும் அவளிடம் விட்டிருந்தேன். மற்றதை எல்லாம் நான் எண்ணினேன்.

அவள் போன பிறகு அடிக்கும்போது எனக்கு எண்ணிக்கை தவறிப்போயிற்று. பதினேழு, பதினெட்டு வரை வரும். பிறகு எங்கோ போய்விடும். தண்ணீர் வழிந்து காலில் குளிராகப் பட்ட பிறகுதான் நிறுத்துவேன்.

பதினோரு வரி

மார்கழி பிறந்து சில நாள் இருக்கும். அன்றைக்குப் பதினெட்டாவது கடிதம். டின்னிலிருந்து எடுத்த அட்டையில் நீலகண்டன் என்று இருந்தது. கோட்டூர்புரத்தில் ஆற்றுக்குப் பக்கத்தில் பன்னிரண்டு ஃபிளாட் இருக்கிற ஒரு கட்டடத்தின் சங்கச் செயலாளர். தாவரவியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மொட்டை மாடியில் ஒன்பது தொட்டி துளசி. இதெல்லாம் பழைய குறிப்பு. கடைசிக் குறிப்பு, ஏழுமலை கார்த்திகையில் அங்கே போய்விட்டு வந்து சொன்னது.

"மாமி பூட்டாங்க சார். ஐப்பசிலயே. அய்யிரு சுச்சு போட்டுட்டு ஆப் பண்ண மறந்துடறாரு. டாங்கி ரொம்பி, தண்ணி ரோடு வரிக்கும் ஓடிக்கினு கீது. மோட்டாரு ஓடி ஓடிக் காயிலே எரிஞ்சு பூட்ச்சு. மின்ன எல்லாம் மாமிதான் கீழேர்ந்து குரல் குடுப்பாங்களாம், நிறுத்துங்கோன்னு."

மூன்று வரி எழுதினேன். நாலாவது வரியில் பேனாவை வைத்தேன். அப்புறம் நடந்தது இது:

'தங்கள் துணைவியார் மறைந்த செய்தி அறிந்தேன். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. என் மனைவி போய் நாலு மாதம் ஆகிறது. எங்கள் வீட்டில் அடிபம்பு. நான் அடிப்பேன். அவள் எண்ணுவாள். குடத்துக்கு நாற்பத்திரண்டு அடி. நிறைந்ததும் போதும் என்பாள். இப்போது வழிந்த பிறகுதான் தெரிகிறது. தங்கள் டாங்க்கும் வழிவதாக எங்கள் மெக்கானிக் சொன்னார். மோட்டாரில் பழுது ஒன்றும் இல்லை.'

மேலே உள்ள மூன்றைத் தள்ளிவிட்டால் பதினோரு வரி. கீழே முதலாளியின் பெயர்.

கிழித்துப் போடத்தான் எழுதினேன், தவறிப்போய்க் கடிதக் கட்டோடு சேர்ந்துவிட்டது என்று இத்தனை வருஷமாகச் சொல்லி வந்திருக்கிறேன். என் பெண்ணிடமும் அப்படித்தான் சொன்னேன். ஆனால் ஐந்து மணிக்குக் கையெழுத்தானதும் அதை மடித்தது நான். கவரில் விலாசம் எழுதியது நான். கோந்து தடவி ஒட்டியதும் நான்தான். மற்றக் கவர்களுக்கு ஒரு தடவை விரலால் அழுத்துவேன். அதற்கு இரண்டு தடவை அழுத்தினேன்.

"தவறினவளே பேசறேன்"

பெரியவர் வந்து கையைப் பிடித்துவிட்டுப் போன அன்று நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் முதலாளியம்மா கடைக்கு வந்தார். ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே குரல் கேட்டது.

"யாருய்யா என்னக் கொன்னது?"

முதலாளி எழுந்து நின்றார். கையில் இருந்த ஃபுட் வால்வைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

"காலைல நம்மகிட்ட மோட்டார் வாங்கின மந்தைவெளி கல்யாண மண்டபத்து மானேஜர் போன் பண்றாரு. 'அம்மா தவறிட்டாங்களாமே, ரொம்ப வருத்தம், நீங்க யாரு பேசறது'ங்கறாரு. தவறினவளே பேசறேன்னு சொன்னேன். அந்தாளு போனக் கீழ போட்டுட்டாரு!"

ஏழுமலை பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். "அம்மா, நீங்க உசுரோட கீறது எங்களுக்குத் தெரியும்மா."

"நீ சும்மா இருடா. அப்புறம் அவரே மறுபடி கூப்ட்டாரு. கோட்டூர்புரத்துல ஒரு புரொபசராம், அவரோட வாக்கிங் போறவராம். அவருக்கு உங்க வீட்டுக்காரரே கைப்பட எழுதியிருக்காருங்கறாரு. எழுதினீங்களா?"

முதலாளி என்னைப் பார்த்தார். அவர் பார்த்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் மேஜையிலிருந்து அவர் மேஜைக்கு ஒன்பது அடி. எழுந்து போய் நின்றேன்.

"நான் எழுதினதுங்க. என் வீட்டு விஷயத்த எழுதிட்டேன். கீழ உங்க பேர் இருக்கும்னு..." 

"என் கையெழுத்துல," என்றார் முதலாளி. "என் கையெழுத்துல என் பொண்டாட்டியவே..."

"படிச்சுப் பாத்துப் போட்டிருக்கணும்," என்று அம்மா அவர் பக்கம் திரும்பினார். "அந்தாளு எழுதினாரு. நான் செத்துட்டேன்னு கையெழுத்துப் போட்டது நீங்க."

ஏழுமலை சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினான். அம்மாவும் சிரித்துவிடுவார் போலத்தான் இருந்தது. பிறகு என்னவோ என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"ருக்மணி போய் எத்தன மாசம் ஆச்சு?" என்றார்.

"நாலு மாசம் பதினோரு நாள்."

 அம்மா சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு, "வந்து பாக்கணும்னு நெனச்சுட்டே இருந்தேன்," என்றார். அது உண்மையாகத்தான் இருக்கும்.

முதலாளி கெட்டவர் இல்லை. அன்று என்னைத் திட்டவில்லை. வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஃபுட் வால்வைத் துடைத்துத் துடைத்து மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "இந்தக் கடுதாசி வேல இனிமே வேணாம், சபாபதி. மிச்சத்த அச்சடிச்சிருவோம். அந்தக் கோட்டூர்புரத்துக்காரர மட்டும் நேர்ல பாத்து விஷயத்தச் சொல்லிட்டு வந்துரு."

இருநூற்று நாற்பத்தொரு கடிதம் பாக்கி இருந்தது. இரண்டு நாளில் பிரஸ்ஸிலிருந்து அச்சாகி வந்துவிட்டது. ஓரத்தில் கரும்பும் பானையும் போட்ட அட்டை. அதில் நாலு வரி இருந்தது. நாலாவது வரி எல்லோருக்கும் ஒன்றுதான்: 'இனிய பொங்கல் வாழ்த்துகள்.'

நான் விலாசம் மட்டும் எழுதினேன். பிஸ்கட் டின்னை என்ன செய்வது என்று கேட்டேன். "நீயே வச்சுக்க," என்றார். சாயங்காலம் சர்வீஸ் சீட்டைக் கொடுக்க வந்த ஏழுமலை சிறிது நேரம் நின்றான். நான் ஒன்றும் கேட்கவில்லை. "நந்தனத்துல ஒரு குட்டி இன்னும் கீது சார். மீதி அஞ்சயும் குட்த்துட்டாங்க," என்று தானாகவே சொல்லிவிட்டுப் போனான்.

கோட்டூர்புரம் கேட்

சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுக் கோட்டூர்புரம் போனேன். சொல்ல வேண்டியதைப் பஸ்ஸிலேயே நாலு வாக்கியமாகத் தயார் செய்துகொண்டேன். பாலத்துக்கு இந்தப் பக்கம் இறங்கி, இரண்டு தெரு தாண்டி, கட்டடத்தின் கேட்டுக்கு முன்னால் போய் நின்றேன்.

என்ன சொல்வது? நீங்கள் கையைப் பிடித்த ஆள் வேறு, எழுதிய ஆள் வேறு, ஏமாற்றிவிட்டேன் என்பதா? மனைவியை இழந்த ஒருவர் தன் துக்கத்தைத் தூக்கிக்கொண்டு கோட்டூர்புரத்திலிருந்து தி. நகர் வந்து, செருப்பைக் கழற்றி, தப்பான ஆளிடம் உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறார். இதற்கு நாலு வாக்கியம் போதாது. நாற்பது இருந்தாலும் போதாது.

அப்போது உள்ளே மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. எங்கள் மோட்டார்தான், ஒன்றரைக் குதிரைச் சக்தி. சிறிது நேரத்தில் மொட்டை மாடிக் குழாயிலிருந்து தண்ணீர் விழ ஆரம்பித்தது. முதலில் ஒழுகலாக, பிறகு கொட்டலாக. ஆறு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"மோட்டாரை நிறுத்தச் சொல்லுப்பா," என்று வாட்ச்மேனிடம் சொன்னேன்.

"நீ யாரு சார்? யாரப் பாக்கணும்?"

"யாரையும் பார்க்க வேண்டாம். மோட்டார் கம்பெனி. நிறுத்தச் சொல்லு."

சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். போய்ச் சொல்லிவிட்டு வந்ததாக முதலாளியிடம் பொய் சொன்னேன். பத்தொன்பது வருஷத்தில் அவரிடம் சொன்ன இரண்டாவது பொய். முதல் பொய்யைப் பிறகு எழுதுகிறேன்.

அடிபம்பு

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நாலரை மணி வாக்கில் எங்கள் சந்தில் யாரோ என் பெயரை விசாரிக்கிற குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். முதலில் குடைதான் தெரிந்தது.

"சபாபதிங்கறது நீங்கதானே?"

தலையை ஆட்டினேன். அவர் வாசலில் செருப்பைக் கழற்றினார். எங்கள் குடித்தனத்தில் இருந்தது ஒரு நாற்காலி, ஒரு ஸ்டூல். நாற்காலியை அவருக்குப் போட்டேன். ஸ்டூலில் எனக்கு உட்காரத் தோன்றவில்லை.

"உக்காருங்கோ. உங்காத்துல உங்கள நான் உக்காரச் சொல்றேன் பாருங்கோ," என்றார். "நேத்து கேட் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேளாமே? குள்ளமா ஒருத்தர், மோட்டார நிறுத்தச் சொல்லிட்டு ஓடிட்டார்னான் வாட்ச்மேன்."

"ஓடலை சார். நடந்துதான் போனேன்."

"சரி, நடந்தேள்." சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மடிப்புகளில் நைந்துபோயிருந்தது. "அன்னிக்கு உங்க முதலாளி கையப் பிடிச்சுண்டு உக்காந்திருந்தேனா, அந்தக் கை கல்லு மாதிரி இருந்துது. என்னடா இது, லெட்டர்ல இருந்த மனுஷன் வேற, இந்த மனுஷன் வேறன்னு ஒரு குழப்பம். ரெண்டு நாள் கழிச்சுதான் மண்டைல ஏறித்து. மோட்டார் விக்கறவர் ஆத்துல அடிபம்பு எதுக்கு?"

எனக்குக் காது சுட்டது. பதினோரு வரியிலும் அது ஒன்றுதான் ஓட்டை. அதை நான் கவனிக்கவே இல்லை.

"முந்தாநாள் மோட்டார் பாக்க ஏழுமலை வந்தான். கேட்டேன். 'அது எங்க சபாபதி சாரு வேல'ன்னான். விலாசமும் அவன்தான் குடுத்தான்."

"மன்னிக்கணும் சார். உங்கள அநாவசியமா தி. நகர் வரைக்கும்..."

"அத விடுங்கோ. எங்க அந்தப் பம்ப்?"

கொல்லைப்புறம் அழைத்துப் போனேன். எங்கள் முறை இல்லைதான். மற்றக் குடித்தனக்காரர்கள் யாரும் அந்த நேரத்தில் இல்லை. அவர் பம்பைச் சுற்றிப் பார்த்தார், ஏதோ செடியைப் பார்க்கிற மாதிரி. பிறகு வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

"குடத்தக் கொண்டாங்கோ."

"வேண்டாம் சார், உங்க வயசுக்கு..."

"உங்களவிட ஏழெட்டு வயசு இருக்குமா கூட? கொண்டாங்கோ."

நான் நீலக் குடத்தை வைத்துக் குந்தி உட்கார்ந்து வாயைப் பிடித்துக்கொண்டேன். அந்த இடத்தில் நான் உட்கார்ந்ததே இல்லை. அங்கிருந்து பார்த்தால் அடிக்கிறவரின் கால்தான் தெரிகிறது, முகம் தெரிவதில்லை. இருபத்தாறு வருஷம் அவள் என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவர் அடிக்க ஆரம்பித்தார். நான் எண்ண ஆரம்பித்தேன். வாய்விட்டுத்தான். முப்பது வரை வேகமாக வந்தது. அதற்குப் பிறகு அவருக்கு மூச்சு வாங்கிற்று. நாற்பத்திரண்டு தாண்டியும் குடம் கழுத்து வரைகூட வரவில்லை. நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்பது. ஐம்பது.

"போதும்," என்றேன்.

கைப்பிடியைப் பிடித்தபடியே நின்று என்னைப் பார்த்தார். "நாப்பத்திரண்டுன்னு எழுதியிருந்தேளே?"

"நீங்க பாதி அடி அடிக்கறீங்க சார். முழுசா கீழ வரைக்கும் அழுத்தணும்."

"அப்போ லெட்டர்ல அத எழுதியிருக்கணும்," என்றார். சிரிக்கவில்லை. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். வெகு நேரம் துடைத்தார்.

உள்ளே வந்து காப்பி போட்டேன். நான் போடுகிற காப்பி நன்றாக இருக்காது. அவர் பாதி குடித்துவிட்டு வைத்துவிட்டார். அவர் மனைவியைப் பற்றி அவரும் பேசவில்லை, ருக்மணியைப் பற்றி நானும் பேசவில்லை. சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு மணியடிக்கிற கடிகாரம் வைத்தால் டாங்க் வழியாது என்று யோசனை சொன்னேன். முப்பத்தைந்து நிமிஷத்தில் நிறைகிற டாங்க் அது. "மணி அடிச்சா யாரோ வாசல்ல வந்திருக்கான்னு போய் நிப்பேன்," என்றார்.

இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் எழுந்தார்.

நானும் எழுந்தேன். வாசல் வரை போனார். செருப்பை மாட்டினார். குடையை எடுத்தார். இந்த இடம் எனக்குத் தெரியும். அறுபத்தொரு தடவை இதே வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். முதலில் முதுகு தெரியும். பிறகு சந்து மட்டும் தெரியும். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் திரும்பினார்.

"வரேன்," என்றார்.

என் சுபாவம், சும்மா இருக்க முடியவில்லை. "துக்கம் கேக்க வந்த எடத்துல அப்படிச் சொல்லக் கூடாது சார்."

"துக்கத்தத்தான் உங்க முதலாளிகிட்ட கேட்டு முடிச்சாச்சே," என்றார் அவர். "இங்க சும்மாதான் வந்தேன். வரேன்."

இரண்டு தடவை சொன்னார். எண்ணிக்கொண்டேன்.